ஆடினோரும் ஆட்டுவித்தோரும்



நாட்டிய அரங்கில் திரை விலகியதும் நம் கண்கள் ஆடுபவரையே நாடுகின்றன. அஃது இயல்பே. ஆயினும், மேடையின் ஒரு புறத்தில், கையில் தாளம் ஏந்தி, சொற்கட்டுகளைச் சொல்லி, ஆடுபவரின் ஒவ்வோர் அடியையும் தம் உள்ளத்தால் அளந்துகொண்டு ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவரை நட்டுவனார் என்கிறோம். ஆடியவர் பெயரைப் போற்றிய உலகம் ஆட்டுவித்தவர் பெயரை அந்த அளவுக்குப் போற்றியதில்லை. ஒரு நாட்டியப் பள்ளியை வழிநடத்துவோர் யாவர், அவர்களால் ஒரு கலை எவ்வாறு உயிர் தரித்து நிற்கிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் அரக்கோணத்துக்காரன். எங்கள் ஊர் ஓர் இரயில் சந்திப்பு. சென்னையிலிருந்து வரும் பாதை இங்கே பிரிந்து, ஒன்று திருத்தணி வழியாக ரேணிகுண்டாவுக்கும், ஒன்று காட்பாடி, ஆம்பூர் வழியாக ஜோலார்பேட்டைக்கும், மற்றொன்று காஞ்சிபுரம் வழியாகச் செங்கற்பட்டுக்கும் செல்கிறது. வண்டி ஒன்று முறையாக ஓட வேண்டுமாயின் ஓட்டுபவர் ஒருவர் போதாது. கொடி காட்டுவோர், பாதை மாற்றுவோர், நேரம் குறிப்போர் எனப் பலர் வேண்டும். பயணிகளோ வண்டியை மட்டுமே காண்பர். நாட்டியப் பள்ளியும் அத்தகையதே.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நீங்கள் பயின்றிருப்பீர்கள். மாதவி ஏழாண்டுகள் பயின்று, தன் பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறுகிறாள். அவள் ஆடலை வருணிக்கும் முன்னர் இளங்கோவடிகள் அவளைப் பயிற்றியோரின் இலக்கணத்தை விரித்துரைக்கிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் என அறுவர் அங்கே வரிசையாக நிற்கின்றனர். ஒவ்வொருவரும் தம் துறையோடு பிறர் துறையையும் அறிந்திருக்க வேண்டும் என்பது அடிகளின் கருத்து. ஒரு மாணவிக்கு ஆறு ஆசிரியர்! ஆடல் தனிமனிதர் ஒருவரின் கைவண்ணம் அன்று, பலர் கூடிக் காக்கும் செல்வம் என்பதை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிது.

இலக்கியம் கூறியதைக் கல்வெட்டும் உறுதி செய்கிறது. 1014ஆம் ஆண்டையொட்டித் தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டொன்று, கோயிலைச் சுற்றிய தளிச்சேரிகளில் நானூறு ஆடல் மகளிர் குடியேற்றப்பட்டதைக் கூறுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் விளையும் பங்கு ஒன்றும் வழங்கப்பட்டன. அதே கல்வெட்டில் நட்டுவம் செய்வோருக்குப் பங்கு இரண்டு எனக் காண்கிறோம். ஆடுபவருக்கு ஒன்று, ஆட்டுவிப்பவருக்கு இரண்டு! ஆசிரியனின் அருமையை அரசன் நெல்லால் அளந்து காட்டினான்.

நூற்றாண்டுகள் பல கழிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மராட்டிய அரசவையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர் விளங்கினர். முத்துசாமி தீட்சிதரிடம் இசை பயின்ற இவர்களையே தஞ்சை நால்வர் என்கிறோம். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று நாம் மேடையில் காணும் வரிசைக்கு ஒழுங்கு தந்தவர்கள் இவர்களே. சின்னையா மைசூர் அரசவைக்கும், வடிவேலு திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் அவைக்கும் சென்றனர். நால்வரின் மரபு தஞ்சை மாவட்டத்துப் பந்தநல்லூரில் தழைத்தது. அந்த மரபில் வந்தவரே பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

இருபதாம் நூற்றாண்டில் இக்கலைக்குப் பெரும் சோதனை நேர்ந்தது. அரசவைகள் மறைந்தன, கோயில் மானியங்கள் சுருங்கின. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தால் விளைந்த கொடுமைகளை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1947இல் அவ்வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. பெண்ணின் மானத்தைக் காக்க அச்சட்டம் தேவையாயிற்று. ஆயினும் வழக்கத்தின் மீது எழுந்த வெறுப்பு கலையின் மீதும் படிந்தது. சதிர் என்னும் பெயரே இழிவாகக் கருதப்பட்டது. அந்நிலையில் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் கலையின் பக்கம் நின்று வாதாடினார். 1931இல் சென்னை மியூசிக் அகாதெமி மரபுவழிக் கலைஞர்களின் ஆடலை மேடையேற்றியது. கலை பிழைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் அதனை எங்கே, யார், யாருக்குக் கற்பிப்பது என்ற வினா எஞ்சி நின்றது.

அவ்வினாவிற்கு விடையாக எழுந்த நிறுவனங்களுள் முதன்மையானது கலாக்ஷேத்திரம். 1904இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் சென்னை அடையாற்றில் இதனைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டின் இறுதியில் அவர் முதன்முதலாக மேடையில் ஆடினார். பொட்டுக்கட்டும் குலத்தில் பிறவாத, கற்ற குடும்பத்துப் பெண் ஒருத்தி சதிர் ஆடுவதா என்று ஊர் வியந்தது, சிலர் சினந்தனர்.

அவரைப் பலரும் புகழ்ந்து பேசக் கேட்டிருப்பீர்கள். அவர் தம்மைச் சுற்றி யாரைக் கூட்டினார் என்பதையே நான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஆடலுக்கு மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், அவர் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளையும் வந்தனர். அபிநயத்திற்கு மயிலாப்பூர்க் கௌரி அம்மாள் வந்தார். கபாலீசுவரர் கோயிலில் பணி செய்த அவ்வம்மையார் பாலசரசுவதிக்கும் ஆசிரியை. குற்றாலக் குறவஞ்சியை 1944இல் நாட்டிய நாடகமாக அமைத்தபோது காரைக்கால் சாரதாம்பாள் துணை நின்றார். கேரளத்திலிருந்து கதகளி ஆசான்கள் அம்பு பணிக்கரும் சந்து பணிக்கரும் வந்தனர். இசைக்கு டைகர் வரதாச்சாரியார் தலைமை ஏற்று, 1950இல் மறையும் வரை அங்கே பணியாற்றினார். அவருக்குப் பின்னர், தொண்ணூறு வயதை எட்டிய மைசூர் வாசுதேவாச்சாரியார் இராமாயண நாட்டிய நாடகங்களுக்கு இசை அமைத்தார். 1961இல் அவர் மறைந்தபின் பேரர் இராசாராம் அப்பணியைத் தொடர்ந்தார். சங்கர மேனன் கல்வியையும் நிருவாகத்தையும் நெடுங்காலம் தாங்கினார். சிலப்பதிகாரத்தின் அறுவரை மீண்டும் ஓரிடத்தில் காண்கிறோம் அல்லவா?

ஆனால் அப்பள்ளியின் வாழ்வைத் தீர்மானித்த நிகழ்ச்சி ஒரு வருகையால் நேர்ந்ததன்று. ஒரு பிரிவால் நேர்ந்தது. 1940களின் முற்பகுதியில் சொக்கலிங்கம் பிள்ளை கலாக்ஷேத்திரத்தை விட்டு நீங்கினார். நட்டுவனார் இல்லையேல் ஆடல் இல்லை என்பதே அக்கால நியதி. பள்ளியை மூடுவதா, வேறு நட்டுவனாரைத் தேடுவதா? ருக்மிணி தேவி மூன்றாவது வழியொன்றைத் தேர்ந்தார். தாமே தாளத்தைக் கையில் எடுத்தார். தம் மாணவியரையும் நட்டுவாங்கம் பயிலச் செய்தார். ஆடவர் குலத்தொழிலாகப் பெரிதும் இருந்துவந்த நட்டுவாங்கத்தைப் பெண்கள் ஏற்றனர். மாணவர் ஆசிரியராயினர். ஒரு குடும்பத்தின் நினைவில் வாழ்ந்த கலை ஒரு பாடத்திட்டத்தில் வாழத் தொடங்கியது.

இம்மாற்றத்தை வெற்றி என்று மட்டும் கூறிவிட்டு நான் அமைந்துவிடல் ஆகாது. வரலாறு பயில்வோர் வரவையும் செலவையும் ஒருங்கே எழுத வேண்டும். கலை எல்லார்க்கும் பொதுவாயிற்று. எக்குலத்துப் பிள்ளையும் அச்சமின்றிக் கற்கலாம் என்றாயிற்று. இது வரவு. ஆனால் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்த குடும்பங்களுள் பல, மேடையையும் இழந்தன, மதிப்பையும் இழந்தன. இரு பெரும் கலைச்செல்வியருக்குக் கற்பித்த கௌரி அம்மாள் தம் இறுதி நாள்களை வறுமையில் கழித்து 1971இல் மறைந்தார். இது செலவு. சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியை மிகுத்த புதிய போக்கைப் பாலசரசுவதி ஏற்கவில்லை. சிருங்காரமே இக்கலையின் உயிர் என்பது அவர் கொள்கை. கந்தப்ப பிள்ளையிடம் தாம் பெற்ற வழியை அவர் மியூசிக் அகாதெமியின் நாட்டியப் பள்ளியில் கற்பித்தார். இவ்விருவருள் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புரைப்பதைவிட, இரு வழிகளும் நமக்குக் கிடைத்தன என்று மகிழ்வதே எனக்கு உவப்பு.

செலவுக் கணக்கின் மற்றொரு வரி எங்கள் ஊருக்கு அண்மையிலேயே உள்ளது. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் பாதையில் திருத்தணி இருக்கிறது. அங்கு முருகன் கோயிலில் பணி செய்த மரபில் வந்தவர் பி. ரங்கநாயகி. கும்ப ஆரத்தி எடுத்தல், வழிபாட்டுக்குரிய பாடல்களைப் பாடுதல் போன்ற, சபா மேடையின் வரிசையில் இடம்பெறாத மரபுகளை அவர் நெஞ்சில் காத்து வந்தார். நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் சாஸ்கியா கெர்சென்பூம் அவரிடம் கற்று, 1987இல் வெளிவந்த ‘நித்யசுமங்கலி’ என்னும் நூலில் அவற்றைப் பதிவு செய்தார். நம் வாயிலில் இருந்த ஆசிரியையைக் கடல் கடந்து வந்த ஒருவர் தேடிக் கண்டார் என்பதை நாம் நாணத்தோடு நினைக்க வேண்டும்.

இனி, பள்ளியை வழிநடத்தும் பொறுப்பின் பிற்கால நிலையைச் சிறிது காண்போம். கலாக்ஷேத்திரம் 1962இல் திருவான்மியூருக்கு இடம் பெயர்ந்தது. ருக்மிணி தேவி 1986இல் மறைந்தார். 1993இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. ஆட்சிக்குழு, கல்விக்குழு, நிதிக்குழு என்னும் அமைப்புகளைச் சட்டமே வகுத்தது. ஒருவரின் ஆளுமையால் நின்ற பள்ளி, விதிகளால் நிற்கும் நிறுவனமாயிற்று. எனினும் விதிகள் எழுதப்பட்டாலே போதுமா? 2023 மார்ச் மாதத்தில் அங்குள்ள மாணவ மாணவியர் பாலியல் தொல்லை குறித்த முறையீடுகளை முன்வைத்துப் போராடினர். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குருவின் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்னும் பழைய நெறி, மாணவரின் குரலைச் செவிமடுக்கும் புதிய நெறியோடு இணைந்தாலன்றிப் பள்ளி தழைக்காது என்பதை அந்நாள்கள் உணர்த்தின. வணக்கத்திற்குரிய ஆசிரியர் வினாவிற்கும் உரியவரே.

நண்பர்களே, இன்று சிற்றூர்களிலும் நாட்டியப் பள்ளிகள் நடைபெறுகின்றன. உங்களுள் சிலர் அங்கே பயில்வீர்கள். சிலர் நாளை அத்தகைய பள்ளியை நடத்தவும் கூடும். உங்கள் ஆசிரியருக்கு ஆசிரியர் யார் என்று கேளுங்கள். அவருக்குக் கற்பித்தவர் யார் என்று மேலும் கேளுங்கள். அக்கேள்வி உங்களைப் பந்தநல்லூருக்கோ, மயிலாப்பூருக்கோ, பெயர் மறக்கப்பட்ட ஒரு மூதாட்டியின் திண்ணைக்கோ இட்டுச் செல்லும். கிடைத்த பெயர்களை எழுதி வையுங்கள். அரங்கேற்ற அழைப்பிதழில் ஆடுபவர் பெயரோடு அப்பெயர்களும் இடம் பெறட்டும். அரசன் அன்று நெல்லில் அளித்த இரண்டாம் பங்கை நாம் நன்றியிலேனும் அளிப்போம்.