நார்ச்சத்தும் பசியும்: இரண்டு கதைகள் சேர்ந்த இடம்

சில நார்ச்சத்துப் பொடிகளை "இயற்கை ஓசெம்பிக்" என்று விற்கிறாங்க. வெறும் விளம்பரமா, உள்ளே சரக்கு இருக்கா? கொஞ்ச நாளா இதன் வரலாற்றைத் தோண்டிக்கிட்டு இருந்தேன். கிடைத்தது இதுதான்.

முதல் கதை, பசி. 1912இல் ஹார்வர்டில் வால்டர் கேனனின் மாணவர் வாஷ்பர்ன் ஒரு ரப்பர் பலூனை விழுங்கி, தன் இரைப்பையின் அசைவுகளைப் பதிவு செய்தார். பசி கிள்ளும் நேரமும் இரைப்பை சுருங்கும் நேரமும் ஒத்துப்போயின. சுருக்கம்தான் பசி என்று முடிவு கட்டினார்கள். ஆனால் இரைப்பையையே முழுசா அறுத்து எடுத்த ஒரு நோயாளிக்கும் பசித்தது என்று 1931இல் ஒரு ஆய்வு வந்தது. அப்போ சமிக்ஞை வேற இடத்திலிருந்தும் வரணும், இல்லையா?

வந்தது, ஹார்மோன் வடிவில். கோலிசிஸ்டோகினின் ஊசி போட்ட எலிகள் குறைவாகச் சாப்பிட்டதை 1973இல் கண்டார்கள். 1999இல் ஜப்பானில் கிரெலின் கண்டுபிடிக்கப்பட்டது. இது பசியைத் தூண்டுவது. 2002இல் லண்டனில் 12 பேருக்குக் குடல் ஹார்மோனான பிஒய்ஒய்யை ரத்தத்தில் செலுத்தினார்கள். அடுத்த 24 மணி நேரத்தில் அவர்கள் சாப்பிட்டது 33 சதவீதம் குறைந்தது.

இரண்டாவது கதை இன்னும் பழசு. 1804இல் வாலன்டின் ரோஸ் என்ற ஜெர்மானியர் ஒரு மூலிகை வேரிலிருந்து புதுவகை மாவுப்பொருளைப் பிரித்தார். செடியின் பெயர் இனுலா, அதனால் பொருளுக்கு இனுலின் என்று பெயர் வந்தது. வெங்காயம், பூண்டு, சிக்கரி வேர் எல்லாவற்றிலும் இது உண்டு. நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் சாப்பிடும். இப்படி நல்ல பாக்டீரியாக்களை வளர்க்கும் உணவுக்கு 1995இல் கிப்சன், ராபர்ஃப்ராய்ட் இருவரும் "ப்ரீபயாட்டிக்" என்று பெயரிட்டார்கள்.

இரண்டு கதையும் எங்கே சேருது? பாக்டீரியா இனுலினை நொதிக்க வைக்கும்போது அசிட்டேட், ப்ரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்கள் வருகின்றன. இவற்றை உணரும் ஏற்பிகளை 2003இல் அடையாளம் கண்டார்கள். அந்த ஏற்பிகள் குடலின் எல் செல்களிலும் இருக்கு; பிஒய்ஒய், ஜிஎல்பி-1 இரண்டையும் சுரப்பது அதே செல்கள்தான். அமிலம் பட்டால் ஜிஎல்பி-1 சுரக்கிறது என்று 2012இல் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் காட்டியது. ஓசெம்பிக் நகல் எடுப்பது இதே ஜிஎல்பி-1ஐத்தான். ஆக, விளம்பரத்தில் ஒரு உண்மை இருக்கு.

அளவில்தான் வித்தியாசம். 2009இல் வெளியான கால்கரி ஆய்வில், உடல் எடை கூடியவர்கள் தினம் 21 கிராம் ஒலிகோஃப்ரக்டோஸ் 12 வாரம் சாப்பிட்டார்கள். கிரெலின் குறைந்தது, பிஒய்ஒய் கூடியது. எடை? சராசரியாக 1.03 கிலோ குறைந்தது. 21 கிராம் என்பது நாலு பல் பூண்டில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. திடீர்னு அவ்வளவு சாப்பிட்டால் வயிறு உப்பும்.

காரணம் எளிது. உடலில் சுரக்கும் ஜிஎல்பி-1இன் அரை ஆயுள் சுமார் 2 நிமிடம். மருந்தான செமாக்ளூடைடுக்கு சுமார் ஒரு வாரம். பாதை ஒன்றுதான், ஆனா ஒன்று தட்டிவிட்டுப் போகும் ஆள், இன்னொன்று வாரம் முழுக்கக் கதவிலேயே கை வைத்திருக்கும் ஆள்.

நார்ச்சத்து நல்ல உணவு, தாராளமா சாப்பிடுங்க. ஆனால் சர்க்கரை நோயாளி ஒருவர் அந்த லேபிளை நம்பி மருந்தை நிறுத்தினால், விலை கொடுப்பது பொடி விற்றவர் இல்லை.