ஓசூர் – கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியில் பாகுபாட்டுத் தடைச் சட்டங்கள்

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970-களில் உருவானபோது, ஆலை வேலைக்குப் பெண்கள் வருவதைச் சட்டமே பாதி தடுத்திருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவுப்படி, பெண்களுக்குக் காலை 6 முதல் மாலை 7 மணிக்குள்தான் வேலை. ஆளெடுப்பில் பெண்களை ஒதுக்கக் கூடாது என்று 1976-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஆனால் வேறு சட்டம் தடுத்திருக்கும் வேலைகளுக்கு அதிலேயே விலக்கும் இருந்தது. மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைகள் பெண்களை எடுக்காமலிருக்க அந்த விலக்கே போதுமான காரணமாயிற்று. பாதுகாப்பு என்ற பெயரில் பறிபோனது பெண்களின் சம்பளம்.

2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இரவுத் தடையைச் செல்லாது என்றது. போக்குவரத்து, தனி ஓய்வறை, பாலியல் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றை ஆலைகளுக்கு நிபந்தனையாக்கியது. பெண்களை ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் ஓசூரைச் சுற்றும் கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் இத்தீர்ப்பு இருக்கிறது. போச்சம்பள்ளி ஆலையை முழுவதும் பெண்களே நடத்துவார்கள் என்று 2021-இல் ஓலா அறிவிக்கும் அளவுக்கு நிலைமை மாறியது.

ஆனாலும் ஓட்டை இருக்கிறது. திருமணமான பெண்களை ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலை ஒதுக்குவதாக 2024 ஜூனில் செய்தி வந்தது, நிறுவனம் மறுத்தது. சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டமும் பாலினத்தைச் சொல்கிறதே தவிர, தாலியைப் பற்றிப் பேசவில்லை. அதையும் எழுத்தில் சேர்த்தே ஆக வேண்டும்.

சாதி விஷயத்தில், தீண்டாமையை முன்வைத்து ஒருவருக்கு வேலையைத் தடுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ஆனால் காரணம் சொல்லாமல் திருப்பியனுப்பும் கேட்டில் தீண்டாமையை நிரூபிப்பது கடினம். மாற்றுத்திறனாளிகளை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாக விதித்த தடை அரசு நிறுவனங்களுக்கே; தனியார் நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்றது. ஓசூர் டைட்டன் ஆலை அதற்கு வெகுகாலம் முன்பே அவர்களை வேலைக்கு எடுத்தது.

கர்நாடகத்தை ஒட்டிய இந்த எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் பிறப்பிடம். பிறப்பிடம் பார்த்து ஒதுக்குவதற்கு அரசியலமைப்பின் 16-ஆம் கூறு விதிக்கும் தடை அரசு வேலைக்கே பொருந்தும். தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பணிகளில் 50 சதவீதமும் மற்றவற்றில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூலையில் ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தது. கர்நாடகத்தில் பிறந்து, 15 ஆண்டுகள் அங்கு வசித்து, கன்னடம் அறிந்தவரே அதன்படி உள்ளூர்க்காரர். அது சட்டமாகியிருந்தால், வீட்டில் கன்னடமே பேசி, தினமும் எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி கர்நாடகத்தின் பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போகும் ஓசூர்க்காரரும் அங்கே வெளியூர்க்காரர்தான்.