குதிரை, மாடுகளில் அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனை

குதிரையின் அல்லது மாட்டின் உடலில் அழற்சி இருக்கிறதா, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களையும் சில புரதங்களையும் அளந்து அறியும் முறை இது. வாயில்லாச் சீவன்கள் வலியை மறைக்கும். மாடு தீனியைக் குறைக்கும் முன்பே இரத்தம் மாறத் தொடங்கிவிடும்.

மனிதர்களுக்குச் செய்யும் சோதனையை அப்படியே தொழுவத்துக்குக் கொண்டுபோக முடியாது. சிவப்பணு படியும் வேகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குதிரையின் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்துகொள்வதால், நலமான குதிரையின் இரத்தம்கூடக் குழாயில் விறுவிறுவெனப் படிந்துவிடும். மாட்டின் இரத்தமோ மணிக்கணக்கில் நின்றாலும் அசைவதில்லை. 1930இல் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் கண்டறியப்பட்ட சி-வினைப் புரதம் மனித மருத்துவத்தில் அன்றாடச் சோதனை. மாட்டில் அது பெரிதாக மாறுவதில்லை.

குதிரைக்கு ஏற்றது சீரம் அமிலாய்டு ஏ என்னும் புரதம். கல்லீரல் சுரக்கும் இது நலமான குதிரையில் பெரும்பாலும் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்கும். தொற்றோ திசுச் சேதமோ நேர்ந்தால் அரை நாளுக்குள் ஏறத் தொடங்கி, நூறு மடங்குக்கும் மேல் போகும். காரணம் நீங்கியதும் விரைவாக இறங்கிவிடும். இந்த இறக்கம்தான் மருத்துவருக்கு மிகவும் பயன்படுகிறது. காயடித்தபின் முதல் இரண்டு மூன்று நாள் அளவு கூடுவது இயல்பு. பிறகும் இறங்காமல் நின்றால் புண்ணில் சீழ் பிடித்திருக்கலாம். பழைய சோதனையான ஃபைப்ரினோஜன் மெதுவானது: ஏற ஒன்றிரண்டு நாள் எடுக்கும், நோய் தணிந்த பின்னும் உயர்ந்தே இருக்கும். ஆனால் செலவு மிகக் குறைவு. பிளாஸ்மாவை 56 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் வைத்தால் ஃபைப்ரினோஜன் திரிந்து பிரிந்துவிடும்; சூடாக்கும் முன்னும் பின்னும் புரதத்தை அளந்து கழித்தால் போதும்.

மாட்டின் கணக்கு வேறு. அதன் எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களின் கையிருப்பு குறைவு. கடும் மடிநோய் வந்த முதல் நாளில் இருப்பதெல்லாம் மடிக்கு ஓடிவிடுவதால், வெள்ளணு எண்ணிக்கை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துபோகும். இது தெரியாதவர் தாளைப் பார்த்து, தொற்றே இல்லை என்று தவறாக முடிவுகட்டக்கூடும். மாட்டில் நம்பத்தக்கது ஹாப்டோகுளோபின். நலமான பசுவில் இல்லை என்றே சொல்லுமளவு சொற்பமாக இருக்கும் இது, மடிநோய், ஈன்றபின் வரும் கருப்பை அழற்சி, தீனியோடு விழுங்கிய கம்பி இரைப்பையைக் குத்தி வரும் வயிற்று அழற்சி ஆகியவற்றில் பன்மடங்கு பெருகும். ஆனால் உண்ணிக் காய்ச்சலில் சிவப்பணுக்கள் உடையும்போது, வெளிவரும் ஹீமோகுளோபினைப் பிடிப்பதிலேயே இந்தப் புரதம் செலவாகிவிடும். அப்போது குறைந்த அளவு ஆறுதல் தராது.

மலேசியாவின் பினாங்குத் தீவில் குதிரை மருத்துவத்துக்கு நீண்ட களமாக அமைந்தது 1864இல் தொடங்கிய பினாங்கு குதிரைப் பந்தயக் கழகம். பந்தயக் குதிரைகள் பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று ஊர் ஊராக லாரியில் போய்வந்தன; சிங்கப்பூரில் பந்தயம் 2024 அக்டோபரில் நின்றது. தலையை உயரக் கட்டியபடி நெடுந்தூரம் செல்லும் குதிரைக்கு மூச்சுக்குழாய்ச் சளி கீழிறங்கி வெளியேறாமல் நுரையீரல் அழற்சி வருவது உண்டு. இருமல் கேட்கும்வரை காத்திராமல், பயணத்துக்கு மறுநாளே சீரம் அமிலாய்டு பார்ப்பது இதனால்தான் நல்லது. குதிரை வெருண்டால் மண்ணீரல் சுருங்கிச் சிவப்பணு அளவு சட்டென உயரும். இந்தப் புரதம் அப்படி வெருட்டுக்கு ஆடாது.

பினாங்குத் தீவில் எடுக்கும் மாதிரி அரசு ஆய்வகத்துக்குப் போக வேண்டுமானால் கடலைக் கடந்து, பெருநிலத்தில் புக்கிட் தெங்காவில் உள்ள கால்நடைத் துறையின் வட்டார ஆய்வகத்தை அடைய வேண்டும். பாலம் இருக்கிறது, வெயில்தான் இடைஞ்சல். சூடான வண்டியில் குலுங்கிய இரத்தத்தில் அணுக்கள் உடைந்து, ஹாப்டோகுளோபின் அளவே பிசகிவிடும். சீரத்தை முதலிலேயே பிரித்து, பனிப்பெட்டியில் அனுப்ப வேண்டும். ஃபைப்ரினோஜனுக்கு உறைதல் தடுப்பு மருந்திட்ட குழாய் தேவை. உறைந்த இரத்தத்தில் அது இருக்காது.

அழற்சி உண்டு என்று இச்சோதனைகள் சொல்லும். எங்கே, எதனால் என்று சொல்லா. மடியைத் தொட்டும், குளம்பைத் தூக்கியும், நெஞ்சில் காது வைத்தும்தான் அதைத் தேட வேண்டும்.