புண் காய வேண்டுமா, ஈரமாக இருக்க வேண்டுமா?



"புண்ணை மூடாதே, காத்துப் படட்டும், பொருக்குக் கட்டினால் ஆறிடும்." நம்மூர்ப் பெரியவர்கள் சொல்வது இதுதான். ஒரு காலத்தில் வைத்தியர்கள் பலரும் இப்படித்தான் நம்பினார்கள். அந்த எண்ணம் மாறிய வரலாறு நாம் அறிய வேண்டியது.

கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட எகிப்திய ஏடொன்று, காயத்துக்குத் தேனும் கொழுப்பும் வைத்துக் கட்டச் சொல்கிறது. தேனில் நிவாரணம் உண்டென்று ஸூரத்துந் நஹ்லில் ஓதும் நமக்கு இது ஆச்சரியமல்ல. தேன் பக்டீரியாவை அடக்கும். புண்ணைக் காயவும் விடாது.

1867இல் ஜோசப் லிஸ்டர், கார்போலிக் அமிலத்தால் காயத்தின் கிருமிகளைக் கொல்லும் முறையை வெளியிட்டார். கிருமிதான் எதிரி என்பது தெளிவானது. ஆனால் ஈரமிருந்தால் கிருமி பெருகும் என்ற பயம் நீங்கவில்லை.

1962இல் லண்டனில் ஜோர்ஜ் வின்டர், பன்றிகளின் தோலில் சிறு காயங்களை உண்டாக்கிச் சிலவற்றைப் பொலித்தீனால் மூடினார்; மற்றவற்றைத் திறந்து விட்டார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாக வளர்ந்தது. காரணம் எளிது. பொருக்கு இருந்தால் புதுக் கலங்கள் அதன் அடியால் வழி தேடிப் போக வேண்டும். ஈரமான பரப்பில் அவை இலகுவாக நகரும்.

அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1960இல், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒட்டோ விக்டர்லேயும் த்ரஹோஸ்லாவ் லீமும் உடலுக்கு உகந்த ஹைட்ரோஜெல் பற்றி எழுதியிருந்தார்கள். தண்ணீரைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் வலை போன்ற பொருள் அது. மென்மையான கொன்டாக்ட் லென்ஸ் முதலில் அதில்தான் பிறந்தது. பின்னாளில் ஹைட்ரோஜெல்கள் காயத்துக்கும் வந்தன.

ஈரம் கிடைத்தது. கிருமிக்கு என்ன செய்வது? ஜெல்லுக்குள்ளேயே வெள்ளியைச் சேர்த்தார்கள். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசனையும் ஆராய்கிறார்கள். சிக்கல் இன்னும் தீரவில்லை. வெள்ளி கூடினால் புதுத்தோலின் கலங்களும் பாதிக்கப்படும். கிருமியைக் கொன்று கலத்தைக் காப்பதுதான் இன்றைய ஆய்வாளர்களின் போராட்டம்.

இதை எழுதக் காரணம், நம் வீடுகளில் சீனி வருத்தத்தோடு இருப்பவர்கள். அவர்களின் காலில் சிறு புண் வந்தாலும் காய விட்டுப் பார்த்திருக்க வேண்டாம். கடைத் தேனையும் பூச வேண்டாம். வைத்தியத்துக்குரிய தேன் கிருமி நீக்கப்பட்டது. எந்தப் புண்ணுக்கு ஈரம், எதற்கு வேறு வைத்தியம் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஒரு நாள் தாமதம் ஒரு காலையே பறிக்கலாம்.