கசகசாச் செடியும் செயற்கை மூட்டும்

திருப்பெரும்புதூரை அடுத்த ஒரகடத்தில் கார்களும் பேருந்துகளும் உருவாவது நாம் அறிந்ததே. 2020-இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்கீழ்த் தேர்வான நான்கு மருத்துவக் கருவிப் பூங்காக்களுள் ஒன்றும் அவ்வூருக்கே வாய்த்தது. உலோகத்தாலும் நெகிழியாலும் ஒரு மூட்டைச் செய்துவிடலாம். 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி செய்த இடுப்பு மூட்டு அதற்கு வழிகாட்டியது. ஆனால் பொருத்திய மூட்டு இயங்க வேண்டுமானால் வலி தணிய வேண்டும். முழங்கால் அறுவை முடிந்த ஓரிரு நாளிலேயே காலை மடக்கி நடக்கப் பழக வேண்டும். வலிக்கு அஞ்சி அசையாதிருந்தால் மூட்டு இறுகிவிடும்.

வலி தணிப்பின் வரலாறோ கசகசாச் செடியிலிருந்து தொடங்குகிறது. அதன் விதை நம் குருமாவுக்கு. முற்றாத காயைக் கீறினால் வடியும் பால் அபினிக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளுநர் செர்ட்யூர்னர் அதிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்து, கிரேக்கரின் கனவுத் தெய்வத்தின் பெயரைச் சூட்டினார்.

காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசே அபினி ஆலைகளை நடத்தும் நாடு நம்முடையது. மருந்துக்கான அபினியை உலகுக்கு விற்ற இந்நாட்டிலேயே நோயாளிக்கு மார்பின் கிட்டவில்லை என்பதுதான் முரண். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பத்தாண்டுச் சிறை என்று மிரட்டியது. ஒரே மருந்துக்குப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. மருத்துவமனைகள் ஒதுங்கிக்கொண்டன. 1997-இல் நாடு முழுவதும் பயன்பட்ட மார்பின் வெறும் 18 கிலோ. 1993 முதல் கோழிக்கோட்டில் மருத்துவர் ராஜகோபாலும் தோழர்களும் புற்றுநோயாளிகளுக்காகத் தொடங்கிய முயற்சி நெடிது தொடர்ந்தது. 2014-இல்தான் சட்டம் திருத்தம் பெற்று, மார்பின் உள்ளிட்ட இன்றியமையா மருந்துகளுக்கு நாடெங்கும் ஒரே விதி வகுக்க வழி பிறந்தது.

அமெரிக்கா எதிர்த்திசையில் சென்றது. 1996-இல் சந்தைக்கு வந்த ஆக்சிகோன்டின் அடிமைப்படுத்தாது என்ற நம்பிக்கையோடு விற்கப்பட்டது. மக்களைத் தவறாக வழிநடத்தியதாக அதன் உற்பத்தி நிறுவனமே 2007-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் எண்ணற்ற இல்லங்கள் சிதைந்திருந்தன. இங்கு வலி தணிக்கப் பரவலாக வழங்கப்பட்ட டிரமடாலும் தவறாகப் பயன்பட்டதால், 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வந்தது.

ஓரிடத்தில் மருந்தின் மீதான அச்சம் நோயாளியை வதைத்தது. மற்றோரிடத்தில் அச்சமின்மை வதைத்தது. இன்றைய மூட்டு மருத்துவம் நடுவழியை நாடுகிறது. நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, பாராசிட்டமால், வீக்கம் தணிக்கும் மருந்து, பனிக்கட்டி ஒத்தடம் ஆகியவை முதலில். அபினி வகை மருந்து தேவைக்கேற்பச் சிறிய அளவில், சில நாள்களுக்கு மட்டும்.

வலியைப் பொறுத்துக்கொள்வதை ஒரு பண்பாகவே போற்றிப் பழகியவர்கள் நாம். செயற்கை மூட்டு பெற்றவர்க்கு அப்பொறுமை உதவாது. வலிக்கிறது என்று அவர் வாய்விட்டுச் சொல்வதும், அதை மருத்துவர் நம்பி அளவறிந்து மருந்து தருவதும் சேர்ந்தே அவரை மீண்டும் நடக்க வைக்கின்றன.