அடியார் கதையும் அரிச்சுவடியும்

நம் பங்கின் யூபிலி விழாவைக் கொண்டாடும் இந்நேரத்தில், கோயில் கட்டியவர்களையும் மணி வார்த்துக் கொடுத்தவர்களையும் நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம். அது நம் கடமை. ஆனால் நம் முன்னோருக்கு எழுத்தறிவித்தவர்களை நினைக்க நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய கோயிலுக்குள் இறைவார்த்தையை வாசிக்க ஒருவர் வேண்டுமல்லவா? அந்த ஒருவரை உருவாக்கிய வரலாற்றை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண விழைகிறோம். அவ்வரலாற்றில் திரும்பத் திரும்ப ஒரு முறை தென்படுகிறது. ஒருவருடைய வாழ்க்கைக் கதையைச் சொல்லி, அதன் வழியே எழுத்தையும் சொல்லையும் இலக்கணத்தையும் கற்பிக்கும் முறையே அது.

லொயோலாவில் ஒரு புத்தகம்

1521-ஆம் ஆண்டு மே மாதம் பம்பலோனா கோட்டைப் போரில் காலில் குண்டடிபட்ட ஒரு வீரர், லொயோலாவிலிருந்த தம் குடும்ப மாளிகையில் படுக்கையில் கிடந்தார். பொழுது போகாமல் வீரதீரக் கதைகள் கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை பற்றிய ஒரு நூலும், ‘புளோஸ் சாங்தோரும்’ என்னும் புனிதர் வரலாற்று நூலுமே கிடைத்தன. வேறு வழியின்றி வாசித்தார். வாசித்தவர் மனம் மாறினார். அவரே இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார்.

இஞ்ஞாசியார் வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சியும் நமக்குப் பாடமாகிறது. குருவாக வேண்டுமானால் இலத்தீன் தெரிய வேண்டும். ஆகவே 1524-ல், முப்பது வயதைக் கடந்த பின், பார்சலோனா நகரில் சிறுவர்களோடு சிறுவராக அமர்ந்து இலக்கணத்தின் முதற்பாடம் படித்தார். “இந்த வயதில் எனக்கு எதற்கு எழுத்து?” என்று கேட்கும் நம் பெரியவர்கள் இதைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

முத்துக்குளித்துறையில் தமிழ்ப் பாடம்

இஞ்ஞாசியாரின் தோழரான புனித சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் அறிந்தவர்களின் துணையோடு செபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்துகொண்டு, தெருவெங்கும் கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். பிள்ளைகள் வீட்டிற்குப் போய்ப் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பித்தார்கள். ஊர்தோறும் கற்பிக்கக் கணக்கப்பிள்ளைகள் அமர்த்தப்பட்டனர். இது காதால் கேட்டு நாவால் சொல்லும் கல்வி. எழுத்து இன்னும் வரவில்லை.

எழுத்தைக் கொண்டுவந்தவர் அண்டிரிக் அடிகளார். போர்த்துக்கல் நாட்டில் 1520-ல் பிறந்த இவர், 1546-ல் இந்தியா வந்தார். இலத்தீன் மாணவர்கள் வேற்றுமை, காலம் என்று வகுத்துக் கற்பது போலத் தமிழையும் வகுத்துக் கற்றார். கற்றதை ஓர் இலக்கணமாகப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிவைத்தார். அதன் கையெழுத்துப் படி லிஸ்பன் நகரில் உள்ளது. 2013-ல் அது ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டு வெளிவந்தது. 1600-ல் இறக்கும் வரை, ஐம்பதாண்டுகளுக்கு மேல் அவர் நம் மக்களிடையே உழைத்தார்.

அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல் இதுவே. மறு ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. இது ஆசிரியரும் மாணவரும் வினா விடையாக உரையாடும் நூல். அச்சுச் செலவுக்குக் கடற்கரை மக்களும் பொருளுதவி செய்தார்கள் என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம். கடலில் மூழ்கி முத்தெடுத்த கைகள் எழுத்துக்கும் கொடுத்தன.

1586-ல் அடிகளார் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அதன் பெயர் ‘புளோஸ் சாங்தோரும்’, அதாவது அடியார் வரலாறு. ஆம், இஞ்ஞாசியாரின் மனத்தை மாற்றிய நூலின் பெயரேதான்! செபங்களும் வினா விடையும் கொடுத்தவர் பின்பு ஏன் புனிதர் கதைகளைக் கொடுத்தார்? செபம் மனப்பாடமாக இருப்பதால், அதை ‘வாசிக்கிற’ பிள்ளை எழுத்தைப் பார்க்காமலேயே ஒப்பித்துவிடும். கதை அப்படியன்று. அடுத்து என்ன நடந்தது என்று அறிய வேண்டுமானால் அடுத்த வரியைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். அங்கேதான் உண்மையான வாசிப்புத் தொடங்குகிறது என்பது நம் கருத்து.

இந்நூல் பண்டிதர் நடையில் அமையவில்லை. கடற்கரை மக்கள் பேசிய தமிழை ஒட்டியே, இடையிடையே போர்த்துக்கீசியச் சொற்கள் விரவ எழுதப்பட்டது. இதன் ஒரு படி வத்திக்கான் நூலகத்தில் காக்கப்பட்டு வந்தது. அதை இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பித்து 1967-ல் தூத்துக்குடியில் வெளியிட்டார். ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் கழித்து நம் முன்னோரின் வாசிப்பு நூல் மீண்டும் நம் கைக்கு வந்தது.

கேட்டாரா, கெட்டாரா?

அக்காலத்தில் வாசிப்பது எளிதன்று. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டுவிடுவார்கள். குறிலாகிய எகர ஒகரங்களுக்கும் புள்ளி உண்டென்று இலக்கணம் சொன்னாலும், எழுதுவோர் அதையும் விட்டுவிட்டனர். ஆகவே எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே தோன்றும். “அவர் கேட்டார்” என்பதும் “அவர் கெட்டார்” என்பதும் ஓலையில் ஒன்றே! இறைவனின் குரலைக் கேட்டாரா, அல்லது கெட்டே போனாரா என்பதைக் கதையின் போக்கை வைத்துத்தான் தெளிய வேண்டும். புதிதாக எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு இது எவ்வளவு தொல்லை!

இத்தொல்லையை நீக்கியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-ல் பிறந்து, 1710-ல் இந்தியா வந்த இவர், நெட்டெழுத்துக்குத் தனி அடையாளம் வகுத்தார். இன்று நாம் இரட்டைச் சுழிக் கொம்பு போட்டு ‘கே’ என்றும், ஒற்றைச் சுழிக் கொம்பு போட்டு ‘கெ’ என்றும் எழுதுகிறோமே, அது அவர் செய்த உபகாரம். ஒவ்வொரு முறை ‘இயேசு’ என்று எழுதும்போதும் நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

முனிவர் வாழ்க்கை வரலாற்றை இரு படிகளில் பயன்படுத்தினார். மேற்படி, புனித சூசையப்பரின் வரலாற்றைப் பாடும் ‘தேம்பாவணி’. மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல். இது புலவர்களுக்கு. கீழ்ப்படி, ‘பரமார்த்த குருவின் கதை’. ஒரு பேதைக் குருவும் அவருடைய சீடர்களும் பட்ட பாட்டை, அவர் இறக்கும் வரை சொல்லும் நகைச்சுவைக் கதை. இது தமிழ் கற்கத் தொடங்குவோருக்கு. ஆற்றைக் கடந்த சீடர்கள் தங்களை எண்ணிப் பார்க்கும்போது, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டதென்று அழுத கதையை அறியாதார் யார்? சிரித்துக்கொண்டே படிக்கிறவன் எண்ணுப்பெயர்களையும் கற்றுக்கொள்கிறான்.

முனிவர் இக்கதைக்கு இலத்தீன் மொழிபெயர்ப்பும் சேர்த்தார். சொற்பொருளுக்குச் ‘சதுரகராதி’ (1732), செந்தமிழ் இலக்கணத்துக்குத் ‘தொன்னூல் விளக்கம்’ (1730), பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணம் (1728) என்று தனித்தனி நூல்களும் செய்தார். பின்பு 1822-ல் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர், பரமார்த்த குருவின் கதையை மொழிபெயர்ப்போடும் சொற்பட்டியலோடும் இலண்டனில் பதிப்பித்தார். முதற்கதைக்கு மட்டும் இலக்கணப் பிரிப்பும் கொடுத்தார். கதை, சொல், இலக்கணம் ஆகிய மூன்றும் ஒரே நூலில் அமைந்தன.

ஆறு வாக்கியத்தில் ஒரு பாடம்

இம்முறையை இன்று நம் பிள்ளைகளுக்கு எப்படிப் பயன்படுத்துவது? நம் மண்ணின் மறைசாட்சி புனித தேவசகாயத்தின் வாழ்வையே எடுத்துக்கொள்வோம். 1712-ல் நட்டாலத்தில் பிறந்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15-ல் புனிதராக உயர்த்தப்பட்டார். துயரத்தில் இருந்த அவருக்குத் தெலனாய் என்னும் படைத்தலைவர் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வரலாறு. ஒரு மனிதரின் துன்பக் கதை இன்னொரு மனிதருக்கு விசுவாசத்தின் வாசலாயிற்று.

இதைச் சிறு வாக்கியங்களாகப் பலகையில் எழுதுவோம்:

நீலகண்டன் நட்டாலத்தில் பிறந்தார்.
அவர் அரண்மனையில் வேலை செய்தார்.
தெலனாய் அவருக்கு ஒரு கதையைச் சொன்னார்.
அவர் அதைக் கேட்டார்.
அவர் ஞானஸ்நானம் பெற்றார்.
அவர் பெயர் தேவசகாயம் ஆயிற்று.

முதலில் ஆசிரியர் வாசிக்க, பிள்ளைகள் விரல் வைத்துத் தொடரட்டும். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்கட்டும். “யார் பிறந்தார்? எங்கே பிறந்தார்? யார் கதை சொன்னார்?” என்று கேட்டால், விடையை வரியிலேயே விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

அடுத்தது சொல். ‘தேவசகாயம்’ என்பதைத் தேவ, சகாயம் என்று பிரித்தால் ‘கடவுளின் உதவி’ என்று பொருள் கிடைக்கும். இது ‘இலாசர்’ என்ற பெயரின் தமிழாக்கம். பாட்டி ‘ஞானஸ்நானம்’ என்பார்; மறைக்கல்விப் புத்தகம் ‘திருமுழுக்கு’ என்னும். பாட்டிக்குப் ‘பூசை’, பேரனுக்குத் ‘திருப்பலி’. இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டினால் பிள்ளைக்கு இரு சொற்கள் கிடைக்கும். பாட்டியின் செபப்புத்தகமும் அவனுக்கு விளங்கும்.

பிறகு இலக்கணம். ‘நட்டாலம்’ எவ்வாறு ‘நட்டாலத்தில்’ ஆயிற்று? மகரம் போய், அத்துச் சாரியை வந்து, ‘இல்’ என்னும் உருபு சேர்ந்தது. ‘அவருக்கு’ என்பதில் ‘கு’, ‘கதையை’ என்பதில் ‘ஐ’. மூன்று வேற்றுமைகள் வந்துவிட்டன. ‘பிறந்தார், செய்தார், சொன்னார், கேட்டார், பெற்றார்’ எல்லாம் நடந்து முடிந்தவை, இறந்தகாலம் வந்துவிட்டது. ஒருவரைச் சொல்லும்போது ‘ஆர்’ என்று பன்மை விகுதி ஏன் வந்தது? மரியாதைக்காக வந்தது. ‘பிறந்தான்’ என்றும் சொல்லலாம், ஆயினும் நாம் அவ்வாறு சொல்வதில்லை என்று விளக்கும்போது, இலக்கணத்தோடு பண்பாடும் சேர்ந்து வருகிறது. நாளை ‘நான் பிறந்தேன்’ என்று தொடங்கிப் பிள்ளை தன் கதையைத் தானே எழுதட்டும். அன்று அவன் எழுத்தறிந்தவன்.

நம் முன் நிற்கும் கேள்வி

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வழிபாட்டில் மக்களின் தாய்மொழிக்கு வழிதிறந்தது. அதன் பயனாக நம் கோயிலில் தமிழ் ஒலித்தது. குருவானவர் மட்டும் வாசித்த இடத்தில் நம் வீட்டு அண்ணனும் அக்காவும் நின்று இறைவார்த்தையை வாசித்தார்கள். இது நம் தலைமுறை கண்ட பெரும் பேறு.

இன்றோ நம் பிள்ளைகள் பலர் ஆங்கில வழியில் பயில்கிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பிழைப்புக்கு அது வேண்டியதே. ஆனால் தமிழில் அழகாகப் பேசும் பிள்ளை, வாசக மேடைக்கு வரச் சொன்னால் தயங்குகிறது. சில பிள்ளைகள் தமிழ் வாசகத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பதையும் நாம் காண்கிறோம். 1554-ல் லிஸ்பனில் ஒரு தமிழ்ச் செபநூல் ரோமன் எழுத்தில் அச்சாயிற்று. அன்று தமிழ் அச்செழுத்து இல்லை. ஆகவே அண்டிரிக் அடிகளாரின் காலத்தவர் பாடுபட்டுத் தமிழ் எழுத்தை வார்த்தார்கள். எழுத்து இருக்கும் காலத்தில் நாம் பின்னோக்கிப் போகலாமா? இன்னும் இருபது ஆண்டு கழித்து நம் பீடத்தருகே நின்று தமிழில் வாசிக்கப் போகிறவர் யார்? யூபிலி ஆண்டில் இதைக் கேட்காமல் வேறு எப்போது கேட்பது?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையின் பெயர்கொண்ட புனிதரின் வரலாற்றை, நாளுக்குப் பத்து வரியாக, இரவுச் செபத்திற்குப் பின் பிள்ளையே வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாத தாத்தா அருகில் அமர்ந்து கேட்கட்டும். ஐயம் வரும் இடத்தில் பொருள் சொல்லட்டும். எழுத்து பேரனிடம் இருக்கிறது. சொல்வளம் தாத்தாவிடம் இருக்கிறது. இருவரும் சேர்ந்தால் ஒரு பள்ளிக்கூடம் ஆகிவிடும். பிள்ளைகள் வீட்டாருக்குக் கற்பிக்கட்டும் என்று சவேரியார் காட்டிய வழியும் இதுவே.

எழுத்தறிவித்த நம் முன்னோரின் ஆன்மாக்கள் இறைவனில் இளைப்பாறுவனவாக! அவர்கள் ஏற்றிய விளக்கு நம் காலத்தில் அணைந்துவிடாதிருக்கப் புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.