தமிழ்ப்பள்ளியும் சிறார் நலனும்

பள்ளிக்கூடம் எழுத்தறிவிக்கும் இடம் மட்டுமன்று. பெற்றோர் தம் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் அடைக்கலமும் ஆகும். தமிழ்ப்பள்ளிகளின் கல்வி வரலாற்றை நாம் பலமுறை எழுதியும் பேசியும் வந்துள்ளோம். பள்ளிக்கு வந்த பிள்ளையின் உடலையும் உள்ளத்தையும் காக்கும் பொறுப்பு இந்நாட்டில் எவ்வாறு வளர்ந்தது என்பதை அந்த அளவிற்கு எண்ணிப் பார்த்தோமில்லை. ஆசிரியப் பணிக்குப் பயிலும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறையில் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். தோட்டத்து லயங்களில் பிள்ளைகள் பெருகினர். கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைக்கும் பொறுப்பை நிருவாகத்தின்மேல் சுமத்தியது.

பத்து என்னும் அந்த எண்ணை நாம் கருத்தூன்றி நோக்க வேண்டும். ஒன்பது பிள்ளைகள் இருந்தால் பள்ளி வேண்டியதில்லை! பிள்ளை என்பது உரிமையுடைய ஓர் உயிராக அன்று எண்ணப்படவில்லை. தலைக்கணக்கில் ஓர் இலக்கமாகவே எண்ணப்பட்டது. தொழிலாளரைத் தோட்டத்தில் நிலைநிறுத்த ஒரு பள்ளி தேவைப்பட்டது. பிள்ளையின் நலன் அதன் பின்னரே வந்தது.

அப்பள்ளிகளின் நிலையும் அதற்கேற்பவே இருந்தது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையே பள்ளி; கிராணியோ கங்காணியோ ஆசிரியர். ஓராசிரியரே எல்லா வகுப்புகளையும் நடத்தினார். விடியுமுன் தாயும் தந்தையும் பெரட்டுக்குச் சென்றுவிடுவர். கைக்குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது; அதுவும் போதாத இடங்களில் மூத்த பெண்பிள்ளை படிப்பை விட்டுவிட்டுத் தம்பி தங்கையரைக் காத்தாள். சற்றே வளர்ந்த பையன் புல்வெட்டப் போனான். வருகைப் பதிவேட்டின் வெற்றிடங்கள் சோம்பலைக் காட்டவில்லை, வறுமையையே காட்டின.

சப்பானியர் ஆட்சிக்காலமான 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில், சயாம் மரண இரயில்பாதைப் பணிக்குத் தோட்டத்து ஆடவர் பலர் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதோர் பலர். தந்தையற்ற பிள்ளைகள் போருக்குப் பின் பள்ளிகளுக்கு வந்தனர். அவர்களுக்குப் பாடநூலைவிட முதலில் தேவைப்பட்டவை உணவும் ஆதரவுமே.

விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அதன்பின் நலன் காக்கும் விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1959ஆம் ஆண்டுப் பள்ளி ஒழுங்கு விதிகள் பிரம்படிக்கு எல்லை வகுத்தன. பெண்பிள்ளைகளை அடித்தல் கூடாது என்றன. 1966ஆம் ஆண்டுச் சட்டமொன்று சிறாரை வேலைக்கு அமர்த்துவதைக் கட்டுப்படுத்தியது. 1975இல் பாடநூல் இரவல் திட்டம் வந்தது. 1976இல் தொடங்கிய துணையுணவுத் திட்டம் 1979இல் விரிவாக்கப்பட்டது; 1983இல் பள்ளிப் பால் திட்டம் தொடங்கியது. பசித்த வயிறு பாடம் கேளாது என்பதை அரசும் ஏற்றுக்கொண்டது.

எனினும், பசியையும் நோயையும் வெளிப்படையாகக் காணலாம். பிள்ளைக்கு வேண்டியவராலேயே நேரும் கொடுமையோ மறைவானது. 1990இல் தமிழ்க் குழந்தையொன்று கொடுமைக்குள்ளாகி மாண்ட செய்தி நாட்டையே உலுக்கியது. அடுத்த ஆண்டே சிறார் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1995இல் மலேசியா ஐக்கிய நாட்டுச் சிறார் உரிமை உடன்படிக்கையில் இணைந்தது. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் முன்னைய சட்டங்கள் சிலவற்றை ஒன்றிணைத்தது. 2003 முதல் தொடக்கக்கல்வி கட்டாயமாயிற்று.

இவ்வரிசையில் ஆசிரியர்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டியது, சிறாருக்கெதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டமாகும். அக்குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவியாதிருப்பது எவருக்கும் தண்டனைக்குரியது. குற்றம் புரிந்தவர் ஆசிரியராயின் தண்டனை மேலும் கூடும். நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்துகொண்டு செய்த வஞ்சகமன்றோ அது! மேலும், துணைச்சான்று இல்லாவிடினும் குழந்தையின் வாய்மொழியை மட்டுமே கொண்டு நீதிமன்றம் தீர்ப்பளிக்க அச்சட்டம் இடம் தருகிறது.

பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால்தான் கண் திறப்பேன் என்றது 1912ஆம் ஆண்டுச் சட்டம். ஒரே ஒரு பிள்ளையின் சொல்லுக்கும் செவி சாய்ப்பேன் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டுக்கு மேற்பட்ட நம் பயணத்தின் பொருள் இதுவே.

ஆயின், நீதிமன்றம் வரை அந்தச் சொல்லைக் கொண்டு சேர்ப்பவர் யார்? கலகலப்பாய் இருந்த பிள்ளை திடீரென ஊமையாவதையும், தழும்பை மறைக்கக் கைச்சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வதையும், மணியடித்த பின்னும் வீடு செல்லத் தயங்குவதையும் முதலில் காணக்கூடியவர் வகுப்பாசிரியரே. அப்பிள்ளை வாய்திறந்தால் பொறுமையுடன் கேட்க வேண்டும். சொன்னதைச் சொன்னவாறே எழுதி வைக்க வேண்டும். துருவித் துருவி வினவலாகாது. காவல் துறைக்கோ சமூகநலத் துறைக்கோ 15999 என்னும் உதவி எண்ணுக்கோ காலந்தாழ்த்தாமல் தெரிவிக்க வேண்டும். பள்ளியின் பெயர் கெடும் என்று மூடி மறைப்பதும், இரு வீட்டாரையும் அழைத்துச் சமரசம் பேசுவதும் அக்குழந்தையை மீண்டும் ஒருமுறை கைவிடுவதாகும்.

சட்டம் நூலில் இருக்கிறது. குழந்தை நம் கண்முன் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பாலம் ஆசிரியர். நாள்தோறும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் சொல்லி அழைக்கும்போது, எண்ணிக்கையை மட்டும் சரிபார்ப்போமாயின் நாம் இன்னும் 1912இலேயே நிற்கிறோம். ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து ஒரு முகத்தை நோக்குவோம்.